நில்கல காட்டில் ஒரு தான்றி மரம்

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் சேர்த்து இடித்த தூளைத் திரிபலை என்பார்கள். அரபு வைத்திய நூல்களில் இம்மூன்றுக்கும் இஹ்லீலஜ், பலீலஜ், அம்லஜ் என்று பெயர். இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' என்னும் பெருநூலில் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். நம்முடைய யூனானி ஹகீம்மார் கொடுக்கும் 'இத்ரீபல்' லேகியத்தின் பெயரும் திரிபலை என்ற சொல்லின் மாற்று வடிவந்தான். இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் பாரசீகத்திலும் பக்தாதிலும் தங்கி, உருமாறித் திரும்பி வந்திருக்கிறது.

அரபுக் கலாசாலையில் ஓதிய நாட்களில் இந்தப் பெயர்களைக் கிதாபுகளில் கண்டிருக்கிறேன். உம்மாவுக்கு இத்ரீபல் வாங்கிக் கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் அம்மூன்று மரங்களும் ஒரே வெளியில் அருகருகே நிற்பதைக் கண்ணால் பார்த்தது 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான்.

பிபிலைப் பக்கத்தில் மருந்துச் சாமான் சேகரித்துக் கொழும்பு கபோஸ் லேன் கடைகளுக்கு அனுப்பும் ஒரு நானா இருக்கிறார். அறுபத்தைந்தைத் தாண்டிய வயது. அவருடைய பேரன் என்னிடம் தரம் எட்டில் இஸ்லாம் பாடம் படித்துக்கொண்டிருந்தான். "மௌலவி, கிதாபுல மட்டும் பாத்தாப் போதுமா? ஒரு நாளைக்கி எங்களோட வாங்கோ, மரத்தையே காட்டுறன்" என்று நானா பலமுறை அழைத்தும் போக வாய்க்கவில்லை. பாடசாலை விடுமுறையில் ஒரு நாள் ஸுபஹ் தொழுகைக்குப் பின் மூவருமாகப் புறப்பட்டோம்.

பிபிலையிலிருந்து பிட்டக்கும்புர வழியாக நில்கலவுக்குப் பாதை செல்கிறது. மொனராகலை, அம்பாறை மாவட்டங்கள் சந்திக்கும் இடம் அது. கல்லோயா ஆறு இந்தக் குன்றுகளிடையே ஓடித்தான் சேனாநாயக்க சமுத்திரத்தில் விழுகிறது. வைத்தியத்தில் தேர்ந்தவர் என்று மகாவம்சம் கூறும் புத்ததாச மன்னருடைய மூலிகைத் தோட்டம் இது என்பது அங்குள்ள மக்களின் நம்பிக்கை. வழியில் புலுப்பிட்டிய என்றொரு ஊர். சிங்களத்தில் 'புலு' என்றால் தான்றி. மரத்தின் பெயரால் ஊர்.

இந்தப் பிரதேசத்துக்கு வெல்லஸ்ஸ என்று பழைய பெயர். இலட்சம் வயல் என்று பொருள். கிழக்குக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு தவள மாடுகளுடன் நம்மவர்கள் ஏறிவந்த பாதைகளும் இவையே. அப்படி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பக்கினிகஹவெல போன்ற ஊர்களில் இன்றும் வாழ்கிறார்கள். 1817இல் ஆங்கிலேயர் இங்குள்ள ஹாஜி மரிக்கார் என்பவருக்கு முஹாந்திரம் பதவி கொடுத்ததும், அதையொட்டி எழுந்த கிளர்ச்சியும், அதை அடக்க அவர்கள் ஊர்களையும் வயல்களையும் எரித்து நாசமாக்கியதும் வரலாறு. "இலட்சம் வயலுக்கு நெருப்பு வெச்சவங்க இங்கிலீஷ்காரர்" என்றார் நானா. அந்தப் பேச்சில் அவர் குரல் ஒரு மாதிரி இருந்ததை நான் அப்போது கவனித்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது.

புல்லும் மரமும்

நில்கலவில் நாம் வழக்கமாக நினைக்கும் காடு இல்லை. சிங்கராஜவைப் போன்ற இருட்டும் இல்லை. வில்பத்துவைப் போன்ற முட்புதரும் இல்லை. ஆள் உயரத்துக்கு மானாப் புல். அந்தப் புல்லின் நடுவே, யாரோ அளந்து நட்டதுபோல் இடைவெளி விட்டு மரங்கள். கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை, சிங்களத்தில் கஹட்ட எனப்படும் மரம். ஒரு மரத்தின் நிழல் மற்றொன்றின் மேல் விழுவதில்லை. பூமி சாஸ்திரப் புத்தகத்தில் ஆபிரிக்காவைப் பற்றிப் படித்தபோது சவன்னா என்று மனப்பாடம் செய்தோமே, அது நம் நாட்டிலும் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊவாவில் இத்தகைய வெளியைத் தலாவ என்கிறார்கள். கிழக்கே இறங்கினால் தமன என்கிறார்கள். அம்பாறை மாவட்டத்தில் அந்தப் பெயரில் ஒரு பிரதேச செயலகமே உண்டு.

மழை போதாமல் இது புல்வெளியாகவில்லை. காலங்காலமாகச் சேனைக்கும், மேய்ச்சலுக்கும், வேட்டைக்கும், தேன் எடுப்பதற்கும் மனிதன் வைத்த நெருப்புத்தான் காட்டை இந்தக் கோலத்தில் வைத்திருக்கிறது என்பதே ஆராய்ந்தவர்களில் பலருடைய கருத்து. மெல்லிய பட்டையுள்ள மரங்கள் எரிந்து போயின. தடித்த பட்டையுள்ளவை நின்றுகொண்டன. கஹட்டவின் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். வெடித்து, அடுக்கடுக்காய், யானையின் காலைத் தொடுவதுபோல் இருந்தது. (யானை அதிக தூரத்திலும் இல்லை. வழியெல்லாம் அதன் லத்தி கிடந்தது.)

ஒதுக்குக் காட்டின் எல்லைக்கு வெளியே, ஊரையொட்டிய ஒரு தமன வெளிக்கு நானா எங்களை அழைத்துச் சென்றார். அவர் வழக்கமாகக் காய் சேகரிக்கும் தான்றி மரங்கள் அங்கே நின்றன. போய்ச் சேர்ந்ததும் நான் நின்றுவிட்டேன். இருபது முப்பது ஏக்கர் கரிக்காடு. புல்லெல்லாம் சாம்பல். மரங்களின் அடி மார்பளவுக்குக் கறுத்திருந்தது. சில இடங்களில் இன்னும் புகை. காற்றடித்தால் சாம்பல் எழுந்து கண்ணில் விழுந்தது.

வறட்சிக் காலத்தில் ஊவாவில் இது புதுமையில்லை. ஆயினும் நான் அதற்குமுன் இவ்வளவு அருகில் நின்று பார்த்ததில்லை. காலடியில் ஓர் ஆமை ஓடு கிடந்தது. கரையான் புற்றொன்று சுட்ட செங்கல்லாகியிருந்தது. எனக்கு உடனே ஒரு ஹதீஸ் நினைவு வந்தது. ஒரு பயணத்தில் எறும்புப் புற்றொன்று எரிக்கப்பட்டிருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதை எரித்தவர் யார் என்று கேட்டார்கள். நாங்கள்தான் என்று தோழர்கள் சொன்னபோது, நெருப்பைக் கொண்டு வேதனை செய்யும் உரிமை நெருப்பின் இரட்சகனுக்கே உரியது என்று உணர்த்தினார்கள். அபூதாவூதில் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் அறிவிப்பாக வரும் செய்தி.

"யார் நானா இதை எரித்தது?" என்று நானும் கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டிருப்பேன்.

நானா பதில் சொல்லவில்லை. மாடு மேய்க்கிறவர்களாக இருக்கும் என்று பேரன்தான் சொன்னான். ளுஹர் நேரம் நெருங்கியதும், "சேர், இவ்வளவு சாம்பல் கிடக்குதே, தயம்மும் செய்யலாமா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தான். நம் மத்ஹபில் தயம்மத்துக்குப் புழுதியுள்ள மண் வேண்டும், சாம்பல் கூடாது. தவிரவும் ஆற்றில் தண்ணீர் இருக்கிறதே என்றேன். ஆற்றங்கரையில் வுழூ செய்து, பாறையின் மேல் மூவரும் ஜமாஅத்தாகத் தொழுதுவிட்டுத் திரும்பினோம். வரும் வழியெங்கும் நானா பேசவில்லை.

கரியின் மேல் தளிர்

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை பேரன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "வாப்பப்பா வரச் சொன்னாங்க சேர். மரம் பாக்க."

இரண்டாம் முறை போனபோது அது அதே இடமென்று நம்ப முடியவில்லை. கரிக்காட்டின் மேல் முழங்காலுக்குப் பச்சை. புல்லுக்குள்ளிருந்து கௌதாரி கத்தியது. எரிந்துபோனவை என்று நான் எண்ணியிருந்த சிறு தான்றிகளின் அடிக்கட்டையிலிருந்து, செம்பு நிறமும் பச்சையும் கலந்த தளிர்கள் கொத்துக் கொத்தாக வெளிவந்திருந்தன. ஸுப்ஹானல்லாஹ்! மேலே இருந்ததைத்தான் நெருப்புத் தின்றது. வேர் உயிரோடு இருந்திருக்கிறது.

அந்தத் தளிர்களில்தான் பேரன் அதைக் கண்டுபிடித்தான். ஓர் இளம் இலை நடுவில் மடிந்து, விளிம்போடு விளிம்பு நூலால் தைத்ததுபோல் ஒட்டியிருந்தது. மெல்லப் பிரித்தோம். உள்ளே ஒரு புழு. மஞ்சள் தலை, தலையில் கறுப்புப் புள்ளிகள், உடம்பின் குறுக்கே கறுப்பு வரிகள். இலையின் உட்புறத்தில் வெண்பட்டு நூலை விரித்து, அதன் மேல் படுத்திருந்தது. நான் எதிர்பார்க்காதது என்னவென்றால், அந்த மடிப்புக்குள் ஓர் எச்சத் துணுக்கும் கிடக்கவில்லை. நம் வீட்டு முருங்கை மரத்துப் புழுக்களைப் பார்த்த கண்ணுக்கு இது வியப்பாக இருந்தது.

பேரனுடைய பள்ளிக்கூடத் தோழர்கள் போலவே எனக்கும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் உதவினார். அவரிடம் அந்தப் புழுவைப் போத்தலில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் சொன்னதையும், அதன்பின் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

வண்ணத்துப்பூச்சிகளில் ஒரு குடும்பத்தை ஆங்கிலத்தில் ஸ்கிப்பர் என்கிறார்கள். துள்ளித் துள்ளிப் பறப்பதால் வந்த பெயர். நாம் துள்ளி என்று சொல்லலாம். நம் நாட்டின் சுமார் 250 வகை வண்ணத்துப்பூச்சிகளில் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவானவை துள்ளிகள். தடித்த உடல், பெரிய கண், நுனியில் தூண்டில் முள்போல் வளைந்த உணர்கொம்பு. பார்த்தவுடன் இது விட்டிலா வண்ணத்துப்பூச்சியா என்ற ஐயம் யாருக்கும் வரும்.

அரபியில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. இரண்டுக்கும் 'ஃபராஷ்' என்ற ஒரே சொல்தான். மறுமை நாளில் மனிதர்கள் இருக்கப்போகும் நிலைக்கு ஸூரத்துல் காரிஆவில் ஃபராஷ் உவமையாக வருகிறது. தமிழ்த் தர்ஜுமாக்களில் அதை ஈசல் என்றும் விட்டில் என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். நெருப்பில் வந்து விழும் ஃபராஷைத் தடுத்துக்கொண்டிருக்கும் மனிதரைத் தமக்கு உவமையாக நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இருபது வருடமாக இந்த ஹதீஸைப் பாடத்தில் சொல்லி வருகிறேன். நெருப்பையும் பூச்சியையும் ஒரே இடத்தில் வைத்து நான் பார்த்தது நில்கலவில்தான்.

எங்கள் புழு பழுப்புத் துள்ளி என்ற வகையைச் சேர்ந்தது. அதற்குத் தான்றி இனத்து மரங்களின் இலைதான் முக்கிய உணவு. நம் கரையோர ஊர்களில் வாசலில் நிற்கும் கொட்டங்காய் மரமும் தான்றியின் இனந்தான். அதிலும் இது வாழும். ஆனால் முற்றிய இலை இதற்கு ஆகாது. தளிர் வேண்டும். ஆகவே மரம் துளிர்க்கும் காலத்தில் வந்து, முட்டையிட்டு, பெருகி, இலை முற்றியதும் வேறு இடம் தேடிப் போய்விடும். கூட்டம் பெருத்த வருடத்தில் மரத்தையே மொட்டையாக்கிவிடுவதும் உண்டு. வட ஆஸ்திரேலியாவின் சவன்னாக் காடுகளிலும் இதே துள்ளிதான் வாழ்கிறது. அங்கும் தான்றியின் உறவு மரங்கள்தான் அதற்கு வீடு. இந்தியா, இலங்கையிலிருந்து பசிபிக் தீவுகள் வரையில் பரந்திருக்கும் இதன் நாடு, இரண்டங்குல அகலச் சிறகுக்கு மிகப் பெரியது.

1775இல் ஃபப்ரீஸியஸ் என்னும் டென்மார்க் நாட்டு அறிஞர் இதற்கு எக்ஸ்கிளமேஷனிஸ் என்று பெயரிட்டார். வியப்புக்குறி என்று பொருள். 'பதாமியா' என்ற முதற்பெயரை இட்டவர் ஃபிரெடெரிக் மூர். இலங்கையின் பூச்சிகளைப் பற்றி 1880 முதல் 1887 வரை மூன்று பாகங்களாக அவர் வெளியிட்ட நூலிலேயே அந்தப் பெயர் வருகிறது. அந்நூலின் படங்களை வரைந்தவர்கள் டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள், நம் நாட்டவர்கள். கொட்டங்காயை இந்தியாவில் பாதாம் என்பார்கள். பாதாம் பாரசீகச் சொல். மூர் அதிலிருந்துதான் பெயரை எடுத்திருப்பார் என்று எனக்குப் படுகிறது. இத்ரீபலைப் போலவே இதிலும் ஒரு பாரசீகச் சொல் வந்து உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று.

எச்சம் கிடக்காத காரணமும் தெரிந்தது. துள்ளி இனத்துப் புழுக்களின் பின்புறத்தில் சீப்புப் போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதைக் கொண்டு எச்சத்தைக் கவண்கல்போல் தூர எறிந்துவிடுகின்றன. அமெரிக்கத் துள்ளி ஒன்றின் புழு, தன் உடல் நீளத்தைப் போல் முப்பது மடங்குக்கு மேற்பட்ட தூரத்துக்கு எறிகிறதாம். ஏன் இவ்வளவு பாடு என்று மார்த்தா வெய்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் சோதித்து 2003இல் எழுதினார். எச்சத்தின் வாடையைப் பிடித்துக்கொண்டு குளவி வந்து புழுவைக் கொன்றுவிடுகிறது. குடியிருக்கும் இடத்தைவிட்டுத் தூரப் போய்த் தேவையை முடித்துக்கொள்வது நபி (ஸல்) அவர்களின் வழக்கம் என்று ஃபிக்ஹுப் பாடத்தில் தஹாரத் பகுதியில் சொல்லித் தருவோம். அடுத்த கிழமை வகுப்பில் இந்தப் புழுவின் கதையையும் சேர்த்துச் சொன்னேன். பின்வரிசைப் பையன்களும் அன்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நானா சொன்னது

அந்த நவம்பர் நாளுக்கே திரும்ப வருகிறேன். புழுவைப் பார்த்து முடிந்து, பேரன் போத்தலில் தளிர் நிரப்பிக்கொண்டிருந்தான். நானா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"மௌலவி, அண்டைக்கி கேட்டீங்களே, யார் எரிச்சதெண்டு. நாங்கதான். என்ட ஆக்கள்தான் பத்த வெச்சது. நான் சொல்லித்தான்."

அவர் விளக்கினார். தான்றிக்காய் சிறியது, சாம்பல் கலந்த மண் நிறம். ஆள் உயரப் புல்லுக்குள் விழுந்தால் தேடி எடுக்க முடியாது, பாம்புக்கும் பயம். காய் விழும் முன்னம் மரத்தடியைச் சுட்டுவிட்டால் நிலம் வெளியாகிவிடும். குனிந்து பொறுக்க வேண்டியதுதான். அவருடைய வாப்பாவும் அப்படித்தான் செய்தார். மரத்தடியை மட்டும் சுடத்தான் வைப்பார்கள். காற்று வந்தால் அது யார் சொல்லையும் கேட்காது.

"நீங்க அந்த ஹதீஸச் சொன்ன நேரம் எனக்கு வாய் திறக்கேலாமப் போச்சு. இப்ப சொல்லுங்கோ. நாப்பது வருசமா நான் செஞ்சது குற்றமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஆகஸ்டில் அவ்வளவு எளிதாக வாயில் வந்த ஹதீஸ் இப்போது வரவில்லை. முதலாவது, உம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த இத்ரீபலில் இருந்த தான்றியும் இப்படிச் சுட்ட மண்ணில் பொறுக்கியதாக இருக்கலாம். இரண்டாவது, அந்த நெருப்புக்குப் பின் வந்த தளிரில்தான் இந்தப் புழுவே கிடைத்தது. நெருப்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டது என்று மிம்பரில் நின்று சொல்வதுபோல் அங்கே சொல்ல முடியவில்லை. நான் முஃப்தியுமல்ல. கிதாபைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

பார்த்தேன். எறும்புப் புற்று ஹதீஸ், உயிரினத்தை நெருப்பால் வேதனை செய்வதைப் பற்றியது. நிலத்தின் புல்லையும் முள்ளையும் தேவைக்காக எரிப்பது வேறு விடயம். அதேவேளை, தன் நிலத்தில் மூட்டிய நெருப்பு பிறர் நிலத்துக்குப் பரவினால், காற்றின் நிலையைக் கவனித்தானா இல்லையா என்றெல்லாம் நம் ஃபுகஹாக்கள் ஆராய்ந்து, கவனக்குறைவுக்கு நட்டஈடு பொறுப்பாக்குகிறார்கள். பிறருக்குத் தீங்கு கூடாது என்ற பொது விதி எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. காட்டுக்குத் தீ வைப்பது நாட்டின் சட்டப்படியும் குற்றம். எறும்பு கடித்ததற்காகப் புற்றையே எரித்த ஒரு நபியிடம், தஸ்பீஹ் செய்யும் ஒரு சமூகத்தை அழித்தீரா என்று அல்லாஹ் கேட்டதாக வரும் மற்றொரு ஹதீஸையும் திரும்ப வாசித்தேன். இலை மடிப்புக்குள் பட்டு விரித்துப் படுத்திருந்தது அப்போது கண்ணுக்குள் வந்தது.

டிசம்பரில் ஒரு வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின் பள்ளித் திண்ணையில் இருந்து நானாவிடம் சொன்னேன். நீங்கள் எதையும் வேதனை செய்யும் நிய்யத்தில் எரிக்கவில்லை, அறியாமல் செய்ததற்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேளுங்கள், இனி எரிக்காமல் முடியுமானால் எரிக்க வேண்டாம் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான் யோசிக்காத ஒன்றைச் சொன்னார். "கிதாப் சரி மௌலவி. நான் வேற ஒண்டையும் கண்டுதான் இருக்கிறன். அங்க நிக்கிற பெரிய மரமெல்லாம் எங்கட வாப்பாட காலத்து மரம். இளசு ஒண்டுமே மேல வரல்ல. வருசா வருசம் துளிர்க்குது, வருசா வருசம் எரியுது. இந்தப் பொடியன் என்ட வயசுக்கு வரக்குள்ள பொறுக்குறதுக்கு மரம் இரிக்குமா?"

உண்மைதான். பெரிய தான்றி தடித்த பட்டையால் தப்பித்துக்கொள்ளும். வேர் இருந்தால் கன்று மறுபடி துளிர்க்கும். ஆனால் தீயின் உயரத்தைத் தாண்டி வளர அதற்குச் சில வருட அவகாசமாவது வேண்டும். அந்த அவகாசம் ஒரு வருடமும் கிடைக்காவிட்டால் அது காலமெல்லாம் கன்றுதான். அந்தத் தளிரைத் துள்ளி தேடி வரும், முட்டையிடும். ஆனால் காய்ப்பதற்கு மரம் வராது. பச்சையைப் பார்த்துவிட்டு ஸுப்ஹானல்லாஹ் என்று நான் நின்ற இடத்தில், அவர் காய்க்கப்போகும் மரங்களை எண்ணிப் பார்த்திருக்கிறார்.

போத்தலில் இருந்த புழு இலை மடிப்புக்குள்ளேயே கூட்டுப்புழுவாகியது. மேலெல்லாம் மா பூசியதுபோல் வெள்ளைத் தூள். ஒரு வாரத்துக்குமேல் கழித்து ஒரு காலை வேளையில், இரண்டாம் பாடவேளையின்போது, வெளியே வந்து போத்தலின் குச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. நிறம் ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. மண் பழுப்பு, நீண்டு ஒடுங்கிய முன்சிறகில் கண்ணாடிபோல் சில வெண் புள்ளிகள். வண்ணத்துப்பூச்சி என்று சொல்லி ஏமாற்றிவிட்டாரே சேர் என்பதுபோல் பிள்ளைகள் பார்த்தார்கள். மூடியைத் திறந்ததும் அது பறந்ததைக் கண்டவர் யாருமில்லை. இருந்தது, பிறகு இல்லை. ஜன்னல் வழியாகப் போயிற்று என்றான் ஒருவன். கதவு வழியாக என்று இன்னொருவன் சத்தியம் செய்தான்.

அடுத்த ஆகஸ்ட்

2024இல் நானா தீ வைக்கவில்லை. நாலைந்து பேரைக் கூலிக்குப் பிடித்து, ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் புல்லை அரிவாளால் வெட்டி, கிளையால் பெருக்கி வட்டமாக வெளியாக்கினார். செலவு கூடியது. கொழும்புக் கடைக்காரர் விலையைக் கூட்டித் தரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதினொரு மரங்களோடு கூலி தாங்காமல் நிறுத்திக்கொண்டார்.

ஆகஸ்ட் கடைசியில் அயலிலிருந்து எவரோ வைத்த தீ காற்றில் ஏறி வந்தது. செய்தி கிடைத்து நாங்கள் போனபோது பழைய காட்சிதான். கரி, சாம்பல், புகை. ஆனால் வெட்டிப் பெருக்கிய வட்டங்களில் தீ பரவ வழியில்லை. பதினொன்றில் மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த இடத்தில், நடுவே ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் பச்சை மிஞ்சியிருந்தது. அதில் முழங்கால் உயரத்தில் இரண்டு தான்றிக் கன்றுகள். நானா குனிந்து அவற்றின் இலையை விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு கன்றின் கீழ் இலையில் காய்ந்த மடிப்பொன்று தெரிந்தது. பிரிக்காதே என்று பேரனிடம் சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்குள் பிரித்துவிட்டிருந்தான். உள்ளே புழு இல்லை. கொஞ்சம் பட்டு நூலும், விரலில் ஒட்டிக்கொண்ட வெள்ளைத் தூளும்தான் இருந்தன.